கயிற்றைக் கட்டியது யார்?

டாரட் சீட்டுக் கட்டில் பன்னிரண்டாம் எண் சீட்டு விழுந்தால் பலருக்கும் வயிற்றைக் கலக்கும். ஒரு மனிதன் மரத்தில் தலைகீழாகத் தொங்குகிறான். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'தி ஹேங்டு மேன்'. கேட்டவுடன் தூக்குத் தண்டனைதான் ஞாபகத்துக்கு வருகிறது. பயப்பட வேண்டாம் என்று சீட்டு வாசிப்பவர் உடனே சமாதானம் சொல்வார். கயிறு கழுத்தில் இல்லை, கணுக்காலில் இருக்கிறது. ஆள் சாகவில்லை.

உண்மைதான். 1909ல் லண்டனில் வெளியாகி இன்று உலகமெங்கும் புழங்கும் ரைடர்-வெய்ட் கட்டை எடுத்து அந்தப் படத்தைப் பாருங்கள். 'டி' வடிவ மரம். பட்ட மரமில்லை, இலை துளிர்த்திருக்கிறது. அதில் ஒற்றைக் காலால் தொங்குகிறான் ஓர் இளைஞன். இன்னொரு கால் மடங்கிப் பின்னால் குறுக்காக இருக்கிறது. கைகள் முதுகுக்குப் பின்னே. சிவப்புக் கால்சட்டை, நீலச் சட்டை. தலையைச் சுற்றிப் பொன்னிறத்தில் ஓர் ஒளிவட்டம். முகத்தில் வலி இல்லை, பயம் இல்லை. தியானத்தில் இருப்பவனைப் போல அமைதியாக இருக்கிறான்.

இதற்கு வாசிப்பவர்கள் சொல்லும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். அவசரப்படாதீர்கள். எதிர்த்துப் போராடாதீர்கள். நிலைமைக்கு உங்களை ஒப்புக்கொடுங்கள். உலகத்தை வேறு கோணத்தில் பாருங்கள். சிறிய தியாகம் செய்தால் பெரிய ஞானம் கிடைக்கும். சுருக்கமாகச் சொன்னால், காத்திருங்கள்.

காத்திரு என்பது உலகத்தின் பழைய யோசனைகளில் ஒன்று. நம் ஊர்ப் பெரியவர்களும் அதைத்தான் சொல்வார்கள். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் என்பார்கள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அதனால் இந்தச் சீட்டின் பலன் நமக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. ஆனால் இந்தப் படத்துக்கு இந்த அர்த்தம் எப்போது வந்தது என்று தேடிப் போனால் கதை வேறு இடத்துக்குப் போகிறது.

டாரட் ஜோசியமாகப் பிறக்கவில்லை. சீட்டாட்டமாகப் பிறந்தது. எகிப்தை ஆண்ட மம்லுக்குகளின் உலகிலிருந்து 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவுக்குச் சீட்டுக் கட்டுகள் வந்தன. 1440களில் வட இத்தாலியின் அரண்மனைகளில், சாதாரணக் கட்டோடு கூடுதலாகப் படச் சீட்டுகளைச் சேர்த்து ஒரு புதிய ஆட்டம் ஆடினார்கள். இன்றைய 78 சீட்டுகளில் 22 இந்தப் படச் சீட்டுகள். நம்முடைய துருப்புச் சீட்டு போலத்தான். எண் பெரிதாக இருந்தால் சிறியதை வெட்டும். பணக்காரர்கள் பொழுதைக் கழித்தார்கள், பந்தயம் கட்டினார்கள். இந்தியாவில் இதற்குத் தூரத்து உறவு என்று சொல்லத்தக்கது கஞ்சிஃபா. மேற்கு வங்கத்தின் பிஷ்ணுப்பூரில் தசாவதாரப் படங்களோடு வட்ட வட்டமாகச் சீட்டு எழுதினார்கள். பத்து அவதாரம், அவதாரத்துக்குப் பன்னிரண்டு சீட்டு, மொத்தம் 120. அவையும் விளையாடுவதற்குத்தான்.

அந்த இத்தாலியச் சீட்டுகளில் தலைகீழாகத் தொங்கியவன் யார்? பழைய பட்டியல்கள் சிலவற்றில் அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது: துரோகி.

அன்றைய இத்தாலியில் இந்தப் படத்துக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தெருவில் போகிறவனுக்கும் தெரியும். நகருக்குத் துரோகம் செய்தவனோ, கடன் வாங்கி ஏமாற்றி ஓடியவனோ கையில் சிக்காவிட்டால் அவன் உருவத்தைப் பொதுக் கட்டடத்தின் சுவரில் எழுதிவைப்பார்கள். பெரும்பாலும் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குவது போல. ஆள் தப்பிக்கலாம், மானம் தப்பக் கூடாது என்பது கணக்கு. இதற்குப் பெரிய ஓவியர்களையே அமர்த்தினார்கள். 1440ல் ஆங்கியாரிப் போருக்குப் பிறகு, ஃபிளாரன்ஸ் நகரின் எதிரிகளை இப்படிச் சுவரில் வரைந்த ஆந்திரேயா டெல் காஸ்டாஞோவுக்குத் 'தொங்குகிறவர்களின் ஆந்திரேயா' என்று பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. 1478ல் மெடிச்சி குடும்பத்தைக் கொல்லச் சதி செய்தவர்களைச் சுவரில் எழுதியவர் சாட்சாத் போட்டிசெல்லி.

இன்னொரு சம்பவம் இதைவிட சுவாரஸ்யமானது. மூட்சியோ அட்டெண்டோலோ ஸ்ஃபோர்ஸா என்று ஒரு கூலிப்படைத் தலைவர். பணம் கொடுத்தவருக்காகப் போர் செய்வது அவர் தொழில். கத்தோலிக்க உலகில் ஒரே சமயத்தில் மூன்று பேர் நான்தான் போப் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களில் ஒருவரான 23ஆம் ஜான் பக்கம் இருந்த ஸ்ஃபோர்ஸா, 1412ல் எதிர்த்தரப்புக்குத் தாவினார். கோபம் கொண்ட ஜான், ஸ்ஃபோர்ஸா ஒரு காலில் தலைகீழாகத் தொங்குவதாக ரோமாபுரியில் படம் எழுதி வைக்கச் சொன்னார்.

அதே ஸ்ஃபோர்ஸாவின் மகன் பிரான்செஸ்கோ 1450ல் மிலான் நகரின் பிரபு ஆனார். இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய டாரட் கட்டுகளில் புகழ்பெற்ற ஒன்று அவருடைய குடும்பத்துக்காகத் தங்க முலாம் பூசித் தயாரிக்கப்பட்டது. அதன் சீட்டுகள் இப்போது நியூயார்க்கிலும் இத்தாலியின் பெர்காமோவிலும் பிரிந்து கிடக்கின்றன. தொங்கும் மனிதன் அந்தக் கட்டிலும் இருக்கிறான். அப்பாவை அவமானப்படுத்திய அதே கோலம் மகனின் வீட்டில் விளையாட்டுப் பொருளாக வந்து சேர்ந்தது.

அவமானச் சின்னம் ஞானச் சின்னமாக மாறியது எப்படி? இதில் முதல் காரியத்தைச் செய்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். ஆந்துவான் கூர் த ழெபெலின் என்ற அறிஞர் 1781ல் ஒரு தடாலடிக் கண்டுபிடிப்பை வெளியிட்டார். டாரட் சாதாரண ஆட்டமில்லை, பழைய எகிப்திய ஞானிகள் படங்களுக்குள் ஒளித்துவைத்த வேதப் புத்தகம் என்றார். எகிப்தின் சித்திர எழுத்தை ஷாம்போலியோன் வாசித்துக் காட்டியதே 1822ல்தான். அதற்கு நாற்பது வருடங்களுக்கு முன்பே எகிப்திய ரகசியத்தை விளக்கிவிட்டார் இவர்.

தொங்கும் மனிதனிடம் வந்தபோது இவருக்கு ஒரு சிக்கல். ஞானப் புத்தகத்தில் தண்டனைக் கைதிக்கு என்ன வேலை? அதனால் அச்சடித்தவன் படத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டான் என்று முடிவு செய்தார். திருப்பிப் பிடித்தால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, அடுத்த அடியை எங்கே வைப்பது என்று யோசித்து நிற்கும் மனிதன் தெரிகிறான். ஆகவே இது விவேகத்தின் படம் என்றார். சீட்டைத் திருப்பியதில் துரோகி காணாமல் போனான், விவேகி வந்து நின்றான்.

அதற்குள் அலியெட் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் தன் பெயரைப் பின்னாலிருந்து எழுதி 'எட்டெய்லா' ஆகி, டாரட்டில் குறி சொல்வது எப்படி என்று 1785ல் புத்தகமே போட்டார். ஜோசியம் தொழிலாக நிலைத்தது. ஒரு நூற்றாண்டு கழித்து இந்த எகிப்துக் கதையெல்லாம் லண்டனின் ரகசியச் சங்கங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து வந்தவர் ஆர்தர் எட்வர்ட் வெய்ட். எகிப்துக் கதையை அவர் நம்பவில்லை. ஆனால் சீட்டுகளில் ஆன்மிகப் பொருள் உண்டு என்று நம்பினார். தொங்கும் மனிதன் வேதனையைக் காட்டவில்லை, ஆழ்ந்த நிலையில் மூழ்கியிருக்கிறான், அவன் மரணத்தின் அடையாளமல்ல, நிறுத்திவைக்கப்பட்ட வாழ்க்கையின் அடையாளம் என்று எழுதினார். ஒளிவட்டம் அந்த விளக்கத்துக்காக வந்தது.

ஒளிவட்டத்தை வரைந்த கை வெய்ட்டுடையதல்ல. பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்ணுடையது. 78 சீட்டுகளையும் 1909ல் சில மாதங்களில் வரைந்து கொடுத்தவர் அவர்தான். வேலை பெரிது, காசு சொற்பம் என்று நியூயார்க்கிலிருந்த புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸுக்கு அப்போதே கடிதம் எழுதினார். கட்டுக்குப் பதிப்பாளர் ரைடர் பெயரும் வெய்ட்டின் பெயரும் நிலைத்தன. ஸ்மித்தின் பெயரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் மிகத் தாமதமாகத்தான் வந்தது. 1951ல் இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரை ஊரொன்றில் வறுமையில் இறந்தார். மிஞ்சிய சாமான்கள் கடனை அடைக்க விற்கப்பட்டன. காத்திருந்தால் கிடைக்கும் என்று ஆறுதல் சொல்லும் படத்தை வரைந்தவருக்குக் காத்திருந்து ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆக, துரோகி, விவேகி, ஞானி என்று ஒரே படத்துக்கு மூன்று அர்த்தம். மாறியது பார்த்தவர்களின் தேவை. மைக்கேல் டம்மெட் என்ற ஆக்ஸ்ஃபோர்ட் தத்துவ அறிஞர் 1980ல் டாரட் ஆட்டங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். எகிப்து, ரகசிய ஞானம் ஆகிய கதைகளுக்கு ஆதாரம் கிடையாது, இது சீட்டாட்டம் மட்டுமே என்று அதில் நிறுவினார். பிரான்சில் இன்றும் டாரட் என்றால் நாலு பேர் உட்கார்ந்து ஆடும் ஆட்டம்தான்.

அப்படியானால் இந்தச் சீட்டில் ஒன்றுமே இல்லையா? எதிர்காலம் இல்லை. அதைச் சொல்லத் தயக்கம் வேண்டாம். கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டிலும் படம்தான் இருக்கிறது, பலன் ஜோசியர் வாயில் இருக்கிறது. ஆனால் ஒரு நல்ல படம் நம்மிடம் ஒரு நல்ல கேள்வியைக் கேட்க முடியும். ஐந்நூறு வருடங்களுக்கு மேலாக இந்தப் படம் மனிதர்களை உறுத்திக்கொண்டே இருக்கிறது என்றால் அதில் கேள்வி ஏதோ இருக்கிறது. அது என்ன என்று கண்டுபிடிக்க இத்தாலிக்குப் போக வேண்டியதில்லை. தலைகீழாகத் தொங்குகிறவர்கள் நம் புராணங்களில் ஏராளம்.

மகாபாரதத்தின் ஆதி பர்வத்தில் வாலகில்யர்கள் வருகிறார்கள். கட்டைவிரல் உயரமே உள்ள ரிஷிகள். ஆலமரக் கிளையில் தலைகீழாகத் தொங்கித் தவம் செய்கிறார்கள். கருடன் வந்து உட்கார்ந்ததும் கிளை முறிகிறது. அவர்களுக்கு அடிபடக் கூடாதே என்று கிளையை அலகில் கவ்விக்கொண்டு கருடன் பறக்கிறான். இவர்கள் தாமாக விரும்பித் தொங்கியவர்கள். வேண்டாம் என்று தோன்றியபோது இறங்கிப் போனார்கள். ஐரோப்பாவின் வடபகுதிப் புராணத்தில் ஒடின் என்ற தேவனும் இந்த ஜாதி. எழுத்தின் ரகசியம் அறிய ஒன்பது இரவுகள் மரத்தில் தொங்கினான். வெய்ட்டின் ஒளிவட்டம் இவர்களுக்குப் பொருந்தும்.

அதே ஆதி பர்வத்தில் ஜரத்காரு என்ற பிரம்மச்சாரி, ஒரு பள்ளத்தில் சிலர் தலைகீழாகத் தொங்குவதைப் பார்க்கிறார். அவர்களைத் தாங்குவது ஒரு புல்லின் ஒற்றை வேர். அதையும் எலி கொறித்துக்கொண்டிருக்கிறது. யார் நீங்கள் என்று கேட்கிறார். எங்கள் வம்சத்தில் மிஞ்சியிருப்பவன் ஒருவன்தான், அவன் கல்யாணம் செய்துகொள்ளாமல் திரிகிறான், அதனால் எங்களுக்கு இந்தக் கதி என்கிறார்கள். அந்த ஒருவன் இவர்தான். இவர்கள் வேறொருவர் கடமையைச் செய்யாததால் தொங்குகிறவர்கள். இவர்களிடம் போய்ப் பொறுமையாக இருங்கள் என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. சொல்ல வேண்டியது ஜரத்காருவிடம்.

மூன்றாமவன் நம் பேச்சிலேயே இருக்கிறான். திரிசங்கு. உடம்போடு சொர்க்கம் போக ஆசைப்பட்டவன். விசுவாமித்திரர் அவனை மேலே அனுப்பினார். இந்திரன் கீழே தள்ளினான். தலைகீழாக விழுந்தவனை 'நில்' என்று விசுவாமித்திரர் நடுவானில் நிறுத்தினார். அவனுக்கென்று புதிய நட்சத்திரங்களையே படைத்தார். இரண்டு பெரிய இடங்களின் கௌரவப் பிரச்சினைக்கு நடுவே மாட்டிக்கொண்டவன் அவன். ஆசை அவனுடையது, தொங்கும் இடத்தைத் தீர்மானித்தவர்கள் மற்றவர்கள்.

தொங்குவதில் இத்தனை வகை இருக்கும்போது எல்லோருக்கும் ஒரே பலனைச் சொல்வது எப்படி நியாயம்? இந்தச் சீட்டின் உண்மையான கேள்வி அவன் முகத்தில் இல்லை, கயிற்றில் இருக்கிறது. யார் கட்டியது? அவிழ்க்கும் முடிச்சு யார் கையில்?

வேலையை விட்டுவிடலாமா என்று துடிக்கும் ஒருவர், ஒரு மாதம் எதையும் முடிவு செய்யாமல் இருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் அது வாலகில்யர் வழி. கோபத்தில் எழுதிய கடிதத்தை இரவு முழுவதும் தபாலில் சேர்க்காமல் வைத்திருப்பதும் அதுதான். கயிறு அவர் கட்டியது, இறங்கும் நேரமும் அவர் கையில். அவருக்குக் காத்திரு என்பது நல்ல யோசனை.

சட்டத்துக்குக்கூட இந்த வித்தியாசம் மெதுவாகப் புரிந்திருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் 1976ல் 13பி பிரிவு வந்தது. கணவனும் மனைவியும் ஒத்துப்போய் விவாகரத்து கேட்டால், மனு கொடுத்த பிறகு ஆறு மாதம் பொறுத்திருக்க வேண்டும் என்றது. அவசர முடிவாக இருந்தால் மனசு மாற வாய்ப்பிருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் வருடக்கணக்கில் பிரிந்து வாழ்ந்து, ஜீவனாம்சம், குழந்தை எல்லாம் பேசி முடித்துவிட்டவர்களுக்கு அந்த ஆறு மாதம் யாருக்கு லாபம்? 2017ல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை யோசித்தது. சமரசத்துக்கு வழியே இல்லை, காத்திருப்பது வேதனையை நீட்டிக்க மட்டுமே உதவும் என்று தெரிந்தால் அந்தக் காலத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்றது. காத்திருப்பு தன்னளவில் புனிதமானது இல்லை என்பதை ஒரு கோர்ட்டே ஒப்புக்கொண்டது.

இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிப் பார்க்கலாம். ரைடர்-வெய்ட் கட்டில் 11ஆம் சீட்டு நீதி. 13ஆம் சீட்டு மரணம். பழைய பிரெஞ்சுக் கட்டுகளில் 11ஆம் இடத்தில் வலிமை இருந்தது, எட்டாம் இடத்தில் நீதி. வெய்ட் இரண்டையும் இடம் மாற்றினார். அவருக்கு வேறு காரணங்கள் இருந்தன. ஆனால் அதன் விளைவாக, நீதிக்கும் மரணத்துக்கும் நடுவில் ஒருவன் தலைகீழாகத் தொங்குகிறான்.

இந்திய வாசகருக்கு இந்த வரிசை சட்டென்று புரிய வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் நம் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 5.73 லட்சம் பேர். இவர்களில் சுமார் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நாலு பேரில் மூன்று பேர் குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பாகாதவர்கள். நீதிச் சீட்டைத் தொடாதவர்கள். இது புதிய விவகாரமும் அல்ல. 1979ல் ஹுஸைனாரா காத்தூன் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, குற்றம் நிரூபணமானால் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையைவிட நீண்ட காலம் பீகார் சிறைகளில் கிடந்தவர்கள் இருந்தது தெரிந்தது. துரித விசாரணை உயிர் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று நீதிமன்றம் சொன்னது. 2005ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி, அதிகபட்சத் தண்டனையில் பாதியைக் கழித்துவிட்ட விசாரணைக் கைதியை விடுவிக்க வழி செய்தார்கள். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தின் 479ஆம் பிரிவு, முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும் என்றது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. கத்தி சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. கயிற்றை அறுக்க ஒரு வக்கீலோ, ஒரு ஜாமீன்தாரரோ, ஓர் அதிகாரியோ மனசு வைக்க வேண்டும்.

அந்தக் கைதியின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வரைந்து, நிலைமைக்கு ஒப்புக்கொடு, ஞானம் வரும் என்று யாராவது சொன்னால் நாம் கோபப்படுவோம். ஆனால் அதே வாக்கியத்தை வீட்டில் அடிபடும் பெண்ணிடமும், சம்பளம் நாலு மாதம் வராத தொழிலாளியிடமும், பட்டா மாற்றத்துக்கு வருடக்கணக்கில் அலையும் விவசாயியிடமும் நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். பொறுத்தார் பூமி ஆள்வார் என்கிறோம். அதைச் சொல்பவர் பெரும்பாலும் பூமியை ஏற்கெனவே ஆண்டுகொண்டிருப்பவர் என்பதைக் கவனிப்பதில்லை.

சீட்டு தலைகீழாக விழுந்தால் பலனும் தலைகீழாகும் என்பது டாரட் வழக்கம். இந்தச் சீட்டு மட்டும் கவிழ்ந்து வந்தால் மனிதன் நேராகிவிடுவான். சுயநலம், பிடிவாதம், வீண் தியாகம் என்று அதற்கு மோசமான பலன் சொல்கிறார்கள். நேராக நிற்க ஆசைப்படுவதைக் கெட்ட சகுனமாகச் சொல்லும் சாஸ்திரத்தை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை. நாலாவது மாதமும் சம்பளம் கேட்டுப் போகிறவரை நிர்வாகமும் பிடிவாதக்காரர் என்றுதான் சொல்லும்.

அதனால் இந்தச் சீட்டை இப்படி வாசிக்கச் சொல்வேன். நீங்கள் தொங்குகிறவராக இருந்தால், இந்தக் கயிறு நான் கட்டியதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் நிதானமாகத் தொங்குங்கள், உலகம் புதிதாகத் தெரியும். இல்லை என்றால் கட்டியவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஜரத்காருவின் முன்னோர்கள் அதைத்தான் செய்தார்கள். பள்ளத்தில் மௌனமாக இருந்திருந்தால் எலி வேரைக் கொறித்து முடித்திருக்கும். வழியில் போன மனிதரிடம் வாய்விட்டுச் சொன்னார்கள், காரணமானவன் அவரே என்று தெரியவந்தது. அவர் கல்யாணம் செய்துகொண்டார், ஆஸ்தீகன் என்ற பிள்ளை பிறந்தான், முன்னோர்கள் கரையேறினார்கள்.

தொங்குகிறவர் நீங்கள் இல்லை, சும்மா வேடிக்கை பார்க்கிறவர் என்றால் உங்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. பள்ளத்தை எட்டிப் பார்த்த ஜரத்காருவும் தன்னை வழிப்போக்கன் என்றுதான் நினைத்திருந்தார்.